நவாபின் தோட்டமும் கிரிக்கெட் திடலும்

சேப்பாக்கம் எது என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், ‘கிரிக்கெட் மைதானம்’ என்று தயங்காமல் சொல்வார்கள். அதே கேள்வியைத் திருவல்லிக்கேணிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால், ‘நவாபின் அரண்மனை இருக்கும் இடம்’ என்பார். இரண்டு விடைகளும் சரியானவையே. ஆயினும் ஒரு விடையைச் சொல்பவர் மற்ற விடையை மறந்துவிடுகிறார். ஒரே நிலத்தின் இவ்விரு வரலாறுகளையும் நாம் இங்கே சேர்த்துக் காண்போம்.

மதராஸ் கிரிக்கெட் கழகம் 1846ஆம் ஆண்டு தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் கும்பினியின் சிவில் அதிகாரியான அலெக்சாண்டர் ஆர்பத்நாட் ஆவார். உறுப்பினர் யாவரும் ஐரோப்பியர். கழகத்திற்கென்று சொந்த இடம் இல்லாமையால், கோட்டைக்கு அருகிலுள்ள தீவுத்திடலில் அவர்கள் ஆடி வந்தனர். அது பொதுவெளி. வேலி இல்லை, நிழல் இல்லை, அமர்ந்து இளைப்பாற ஒரு கூடமும் இல்லை. ஆகவே, சேப்பாக்கத்தில் ஒரு நிலப்பகுதியை வேலியிட்டு வைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு 1865இல் அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அங்கு ஆட்டக்கூடம் எழுந்தது. கழகம் தீவுத்திடலை விட்டுச் சேப்பாக்கத்திற்குக் குடிபெயர்ந்தது.

கிரிக்கெட் வரலாறு எழுதுவோர் இச்செய்தியை இரண்டு வரிகளில் சொல்லி முடித்து விடுவர். நாமோ இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நகரின் நடுவே, கடற்காற்று வீசும் இடத்தில், அவ்வளவு பெரிய நிலம் 1865இல் எவ்வாறு வெறுமையாகக் கிடந்தது?

கர்நாடக நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்தார். ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்னும் இரு மாளிகைகளும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் அதில் அடங்கும். கிழக்கே கடற்கரை, மேற்கே பெல்ஸ் சாலை, வடக்கே கூவம், தெற்கே பைகிராப்ட்ஸ் சாலை என அரண்மனை எல்லை பரந்திருந்தது.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. நவாபுக்குப் பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், சேப்பாக்கமும் மிஞ்சின. அவ்வழியில் இறுதியாகப் பட்டம் வகித்தவர் குலாம் முஹம்மது கௌஸ் கான். ‘ஆஜம்’ என்னும் புனைபெயரில் பார்சியில் கவி புனைந்தவர் அவர். கர்நாடகத்துப் பார்சிக் கவிஞர்களின் வரலாற்றை ‘குல்ஸாரே ஆஜம்’ என்ற நூலில் தொகுத்தவரும் அன்னாரே. 1855ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஆண் வாரிசின்றிக் காலமானார்.

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் ஆட்சி அத்துடன் நவாப் பட்டத்தை ஒழித்தது. நவாபின் சிறிய தந்தையார் அஜீம் ஜாஹ் தமக்குள்ள உரிமையை எடுத்துரைத்தும் பயனில்லை. நவாப் விட்டுச்சென்ற கடன்களைத் தீர்ப்பதற்கென 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. குடும்பத்தார் சேப்பாக்கத்தை விட்டு வெளியேறினர். அஜீம் ஜாஹுக்கு 1867இல் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற புதுப்பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் வீடு திரும்பி வரவில்லை. 1876இல் அக்குடும்பம் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது.

கழகத்தின் விண்ணப்பம் ஏலம் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கழகத்தார் யாரையும் வெளியேற்றவில்லை. வெளியேற்றப்பட்ட இடத்தில் வந்து வேலி கட்டினர். ஒரு குடிபெயர்ச்சி ஏட்டில் ஏறியது. அதற்கு இடம் தந்த மற்றொரு குடிபெயர்ச்சி அவ்வேட்டில் ஏறவில்லை.

கட்டிய வேலி நெடுங்காலம் நின்றது. அத்திடலில் இந்தியர் ஆட அழைக்கப்பட்ட நாட்களிலும் ஆட்டக்கூடம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இந்தியர் மரநிழலில் அமர்ந்து உண்டனர். இதனைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கழகத்தை நிறுவி நம்மவரைப் பயிற்றினார். 1915 முதல் பொங்கலையொட்டி இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் சேப்பாக்கத்தில் எதிரெதிர் நின்று ஆடலாயின. 1934 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் முஷ்தாக் அலி, வஜீர் அலி, நஜீர் அலி ஆகியோர் வாலாஜாவின் பழைய தோட்டத்தில் இந்தியாவுக்காக மட்டை பிடித்தனர்.

1952 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியதும் இதே மண்ணில்தான். பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்திய வினூ மன்கட்டின் பெயர் அவ்வெற்றியுடன் நிலைத்துவிட்டது. இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்கு ஈடாக நின்று நான்கு விக்கெட்டுகளை வீழ்த்திய ஹைதராபாத் குலாம் அகமதையும் நாம் நினைவில் வைப்பது தகும்.

காலம் கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. விடுதலைக்குப் பின் திடலின் பொறுப்பு மாநிலக் கிரிக்கெட் சங்கத்திடம் சென்றது. ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கம் எழுவதற்காகக் கழகத்தின் பழைய ஆட்டக்கூடம் இடிக்கப்பட்டது. ஒரு காலத்தில் திடல் முழுவதையும் தனதாக்கி வேலியிட்ட கழகம், அதே வளாகத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி இடம்பெயர நேர்ந்தது.

கிரிக்கெட் ஆட்டத்தின் மீது நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆனால் இவ்வரலாற்றில் நம் குடும்பங்களுக்கு ஒரு படிப்பினை உண்டு. கௌஸ் கான் பட்டத்தின் பேரில் வைத்திருந்தவை அனைத்தும் பட்டத்தோடு போயின. ஆனால் 1850இல் அன்னாரின் ஆதரவுடன் திருவல்லிக்கேணியில் தொடங்கிய முஹம்மதியப் பொது நூலகம் ஏலத்திற்கு வரவில்லை; தலைமுறை தலைமுறையாகப் படிப்போரைப் பெற்றது. அவர் பெயர் விளங்கும் ‘மதரஸா-எ-ஆஜம்’ பள்ளியில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். அரண்மனைக்கு வாரிசில்லை என்று சட்டம் சொல்ல முடிந்தது. நூலகத்திற்கு வாரிசில்லை என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

எனவே, நம் ஊர்களிலுள்ள பழைய நூலகங்களையும் பள்ளிகளையும், அவற்றுக்குரிய நிலப் பத்திரங்களையும் பேணுதல் நம் கடமையாகும். பத்திரம் இல்லாத நிலம் வெற்று நிலமாகத் தோன்றும். வெற்று நிலத்தைக் கேட்டு விண்ணப்பிப்பதற்கு ஆட்கள் என்றும் இருப்பர்.

பிள்ளைகளை ஆட்டம் காண அழைத்துச் செல்லும் பெற்றோர், அரங்கத்தின் வாயிலில் நுழையுமுன் ஒரு கணம் நின்று, அதன் ஓரமாகச் செல்லும் சாலையின் பெயர்ப்பலகையைக் காட்டுவார்களாக. அதில் ‘வாலாஜா சாலை’ என்று எழுதியிருக்கும். அப்பெயர் யாருடையது என்று பிள்ளை கேட்டால், ஆட்டம் தொடங்குமுன் விடை சொல்ல நேரமிருக்கும்.