குப்பு என்றொரு பெயர்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம். பூட்டன் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் டர்பன் தமிழர் பலரிடம் இருப்பது இந்த ஒற்றை வரிதான்.

எல்லோரும் முதலில் ஊர்ப்பெயரைத்தான் பார்க்கிறார்கள். நான் ஆள்பெயரைப் பார்க்கச் சொல்வேன். அந்தப் பட்டியல்களில் கூப்பூ, கூப்பென், கூப்பூசாமி என்றெல்லாம் படிக்கும்படியான பெயர்கள் வரும். தென்னாப்பிரிக்காவிலும் மொரீசியஸிலும் அவை இன்று குடும்பப் பெயர்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்த 'உ'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டார். அந்தக் காலத்து எழுத்துமுறை அது. நம் குன்னூரும் ஆங்கிலத்தில் அப்படித்தான் 'கூனூர்' ஆகிக் கிடக்கிறது. காதால் கேட்டுப் பழகிய தலைமுறை போனபின், பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துப் படித்தார்கள், குறில் நெடிலாயிற்று. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது குடும்பத்துக்கே நிலைத்த பெயராயிற்று. குப்பன் கூப்பென் ஆனது இவ்வளவுதான்.

குப்பன், குப்பு, குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி. எல்லாம் குப்பையிலிருந்து வந்தவை. இந்தப் பெயரைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது, ஏனென்றால் இது அழுகையில் பிறந்த பெயர்.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து பிறந்து தங்காமல் போகும். அடுத்தது பிறந்ததும் அதை முறத்தில் கிடத்தி வீட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். 'வேண்டாம்' என்று எறிந்ததாகக் கணக்கு. எறிந்த பொருளின்மீது எமனுக்கு ஏது ஆசை? பிறகு வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு படித் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். அடம்பிடிக்கிற குழந்தையிடம் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்த விளையாட்டுப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சடங்குதான். சில வீடுகளில் மூக்குக் குத்தி 'மூக்கன்' என்று வைத்தார்கள். சில வீடுகளில் 'பிச்சை' என்றார்கள். கும்பகோணத்தில் 1900இல் பிறந்த வேங்கட மகாலிங்கத்துக்கு முன் பிறந்தவை தங்கவில்லை என்று அவரைப் பிச்சை என்று அழைத்தார்கள். அந்தப் பிச்சையைத்தான் நாம் ந. பிச்சமூர்த்தி என்று படிக்கிறோம்.

தெலுங்கில் பெண்ட்டய்யா, கன்னடத்தில் திப்பண்ணா, திப்பேசாமி. 'பெண்ட்ட' என்றாலும் 'திப்பெ' என்றாலும் குப்பைதான். மொழி மாறியும் தாய்மாரின் பயம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. சாதி மாறியும் அப்படியே. துப்பறியும் நாவல்கள் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாருக்கும், வடமொழி அறிஞர் குப்புசாமி சாஸ்திரிக்கும், வயலில் நாற்று நட்ட குப்பாயிக்கும் பெயர் ஒன்றுதான்.

குப்பை என்ற சொல்லுக்கு ஆதியில் இழிவு கிடையாது. குவி, குவியல், குப்பல், குப்பை எல்லாம் ஒரு குடும்பம். பழந்தமிழில் நெல் குவிந்தாலும் குப்பை, உப்பு குவிந்தாலும் குப்பை. தெலுங்கில் 'குப்ப' இன்றும் தானியக் குவியலைக் குறிக்கும். களத்தில் பொலியாகக் கிடந்த சொல் மெல்ல வீட்டுக் கொல்லைக்கு நகர்ந்தது. அங்கும் அது எருவாகி வயலுக்குப் போகிற பொருள். குழந்தையை அந்த மேட்டில் கிடத்தியவர்களுக்கு அது அசிங்கமான இடமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தச் சொல்லோடு நாற்றம் ஒட்டிக்கொண்டது, எருவைப் பார்த்தே அறியாத நகரத்துக்கு அது வந்த பிறகுதான்.

ஆனால் பத்திரத்திலோ கப்பல் பட்டியலிலோ குப்பு என்று கண்டவுடன் அவருக்கு முன் பிறந்தவை இறந்துபோயின என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைச் சுமப்பவன். தாத்தா குப்புசாமியாக இருந்தால் பேரனும் குப்புசாமி. அவனுக்கு மேலே நாலு அண்ணன்மார் உயிரோடு இருந்திருக்கலாம். ஆகவே தலைமுறை தலைமுறையாக மேலேறிப் போகவேண்டும். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று பழைய கிரயப் பத்திரங்கள் எழுதுவது அதற்கு உதவும். எந்தப் படியில் பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுகிறதோ, குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் இருந்தது பெரும்பாலும் அந்தப் படியில்.

அவளுடைய இழப்புக்கு வேறு காகிதச் சாட்சி கிடைப்பது அரிது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. அதற்குப் பிந்திய பதிவேடுகளிலும் பல இடங்களில் 'ஆண்', 'பெண்' என்பதோடு சரி, குழந்தையின் பெயர்க்கட்டம் காலியாகவே இருக்கும். பெயர் வைக்குமுன் பதிவு நடந்துவிடும். பெயர் வைக்குமுன்பே சில குழந்தைகள் போய்விடும். நிலத்துக்குப் பட்டா உண்டு, கடனுக்குப் பிராமிசரி நோட்டு உண்டு. தங்காமல் போன பிள்ளைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. தங்கின பிள்ளையின் பெயரில்தான் அவர்களை எழுதிவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி அப்படி எழுதியது கடல் தாண்டி, குமாஸ்தாவின் கையெழுத்தையும் தாண்டி, டர்பனில் ஒரு வீட்டு வாசல் பலகைவரை போயிருக்கிறது.

இங்கேயோ அது அருகிவருகிறது. அண்மைக் காலத்து அழைப்பிதழ்களில் குப்புசாமி 'கே' என்ற முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்தின் விரிவே தெரிவதில்லை.

கப்பல் பட்டியலின் ஒரு வரியோடு ஊர் தேடி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாலுகா அலுவலகத்துக்குப் போவதற்கு முன் தெருவில் விசாரியுங்கள். குப்பாயி என்ற பெயரோடு ஒரு கிழவி அந்த ஊரில் இருந்தால், திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'அது யாருடைய பெயர் ஆத்தா?' என்று கேளுங்கள்.