பழைய வீட்டில் புதுக் குடி

என் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பதினெட்டு வயசு. மனிதனுக்கு அது வாலிபம். யந்திரத்துக்குத் தள்ளாத காலம். பாதி எழுதி நிறுத்திய ஒரு நாவல் அதற்குள் இருந்தது. சென்ற வருஷம் என் தங்கை பிள்ளை ஊரிலிருந்து வந்தான். "மாமா, இதிலே இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் ரொம்பப் பழசு. புதுசு போட்டுவிடுகிறேன். அப்புறம் பாருங்கள், குதிரை மாதிரி ஓடும்" என்றான். போட்டான். குதிரை படுத்துவிட்டது. கறுத்த திரையும், அதன் மூலையில் மினுக்கு மினுக்கென்று ஒரு வெள்ளைக் கோடுந்தான் மிச்சம்.

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறக்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டார்: "புதுசா என்ன போட்டீங்கங்கிறதை அப்புறம் சொல்லுங்க, சார். அதுக்கு முன்னாலே எது எங்கே இருந்துது? அதைச் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. யந்திரத்தோடு வந்த தட்டுகளையும் விளக்கப் புத்தகத்தையும் என்றைக்கோ பழைய பேப்பர்காரனிடம் போட்டாகிவிட்டது. "சரி, விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார் அவர். டாக்டர்கள் சொல்லும் "பார்க்கலாம்" மாதிரியே இருந்தது.

அந்த ஒரு வாரமும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. மனிதன் பூமியை விட்டு அனுப்பிய இரண்டு கம்ப்யூட்டர்களின் சரித்திரமே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றிற்று. ஒன்று, புதுசு போடப்போய் உயிரை விட்டது. மற்றொன்று, பேச்சிழந்து கிடந்து பிழைத்து எழுந்தது.

முதல் கதை வைக்கிங் 1. அமெரிக்காவிலிருந்து 1975 ஆகஸ்டு 20-ந் தேதி கிளம்பி, 1976 ஜூலை 20-ந் தேதி செவ்வாய்க் கிரகத்தில் க்ரைஸே என்னும் சமவெளியில் இறங்கியது. இறங்கிய இடத்தில் 90 நாள் வேலை செய்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. அது ஆறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. படம் பிடித்தது, காற்றையும் குளிரையும் அளந்து சொல்லிற்று. அதன் தோழன் வைக்கிங் 2 வேறொரு பக்கம் இறங்கி, 1980-ல் ஓய்ந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த இரண்டு தாய்க் கலங்களும் 1978-லும் 1980-லும் அடங்கிவிட்டன. நாலு பேர் கொண்ட குடும்பத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

தாய்க் கலங்கள் போன பிறகு இது பூமியோடு நேரடியாகப் பேசவேண்டியதாயிற்று. அதற்கென்று ஒரு வட்டமான ஆன்டெனா உண்டு. செவ்வாயும் தன்னைத்தானே சுற்றுகிறது. பூமியும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்த வேளையில் பூமி வானத்தில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர்தான் அந்த ஆன்டெனாவைத் திருப்பவேண்டும். அந்தக் கணக்குக்கு வேண்டிய விவரங்கள் அதன் ஞாபகத்தில் ஓரிடத்தில் இருந்தன. அதன் ஞாபகசக்தியோ மிகச் சின்னது. 18 ஆயிரம் சொற்கள் கொள்ளும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரின் ஞாபகத்தை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டளையோ ஓர் எண்ணோ குடியிருக்கும். "இத்தனாம் நம்பர் வீட்டுக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்து வா" என்றுதான் அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அந்த வீட்டில் இருப்பது பழைய ஆசாமியா புது ஆசாமியா என்று அது விசாரிப்பதில்லை. இருப்பவரை அழைத்துக்கொண்டு வந்துவிடும்.

1982-ல் வைக்கிங்கின் பேட்டரி தளர ஆரம்பித்தது. கிழவருக்குக் கொஞ்சம் தெம்பு ஊட்டலாம் என்று, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் முறையை மாற்றிப் புதிய கட்டளைகளை எழுதி, நவம்பர் மாதம் பூமியிலிருந்து அனுப்பினார்கள். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. என் தங்கை பிள்ளையின் நோக்கத்தைப் போலத்தான். ஆனால் புதிய கட்டளைகள் போய்க் குடியேறிய வீடுகளில் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்புவதற்கான விவரங்கள் அங்கேதான் குடியிருந்தன. புதியவை அவற்றை அழித்துவிட்டு உட்கார்ந்தன.

ஆன்டெனா பூமி இருக்கும் திசையை மறந்தது. பிறகு நாலு மாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அநுமானம் செய்து குரல் கொடுத்தார்கள். பதில் வரவில்லை. 2006-ல் செவ்வாயைச் சுற்றி வந்த வேறொரு கலம், சமவெளியில் அது நின்றுகொண்டிருப்பதை மேலிருந்து படம் பிடித்தது. அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம், ஊருக்கு வழி மறந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்ட ஒரு முதியவரின் ஞாபகம் எனக்கு வருகிறது.

இரண்டாவது கதை வாயேஜர் 1. வைக்கிங்குக்கு இது தூரத்து உறவு அல்ல. வைக்கிங்கின் தாய்க் கலத்துக்காக உருவாக்கிய தலைமைக் கம்ப்யூட்டரையே வாயேஜருக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1977 செப்டம்பர் 5-ந் தேதி புறப்பட்டது. 1979-ல் வியாழனையும் 1980-ல் சனியையும் கண்டு, 2012-ல் சூரியனுடைய காற்று வீசும் எல்லையைத் தாண்டியது.

தலைமைக் கம்ப்யூட்டரைத் தவிர, செய்திகளைத் திரட்டி மூட்டை கட்டுவதற்கென்று வாயேஜரில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் 8 ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். மின்சாரம் நின்றால் அந்த ஞாபகம் அத்தனையும் போய்விடும். ஆகவே கலத்துக்குச் சக்தி கொடுக்கும் அணு மின்கலங்களிலிருந்து அதற்கென்று நேராக ஒரு கம்பி இழுத்து வைத்திருந்தார்கள். அத்தனை ஜாக்கிரதையாகக் காத்த ஞாபகந்தான் 46 வருஷத்துக்குப் பிறகு கெட்டது.

2023 நவம்பர் 14-ந் தேதியிலிருந்து வாயேஜர் உளற ஆரம்பித்தது. ரேடியோ அலை வந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் பொருள் இல்லை. ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. சொன்ன கட்டளைகளைக் கேட்டுக்கொண்டது. பதில் சொல்லத்தான் வாய் இல்லை. கலிபோர்னியாவில் பாஸடீனா அருகிலுள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் அதைக் கவனித்து வந்த குழுவினர் பல பத்து வருஷத்துக் காகிதங்களைப் புரட்டவேண்டி வந்தது. எழுதியவர்கள் இந்த வியாதியை எதிர்பார்த்து எழுதவில்லை. அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்; சிலர் காலமாகிவிட்டார்கள்.

கலம் இருந்த தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போகும் சொல்லுக்கே அங்கே போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர மறுபடி அவ்வளவு. 'கொஞ்சம் தட்டிப் பார்' என்பதற்கு இரண்டு நாள் ஆகும்.

2024 மார்ச் 1-ந் தேதி அப்படித்தான் ஒரு தட்டுத் தட்டினார்கள். பழுதான பகுதியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்ப் பார் என்று ஒரு கட்டளை. 3-ந் தேதி வந்த பதில் வழக்கமான உளறலாகவும் இல்லை; பழைய ஒழுங்கான பேச்சாகவும் இல்லை. அதைப் பிரித்துப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அந்தக் கம்ப்யூட்டர் தன் ஞாபகம் முழுவதையும் வீடு வீடாக எடுத்து அனுப்பியிருந்தது!

அடுத்து அவர்கள் செய்த காரியந்தான் முக்கியம். வியாதி வருவதற்கு முன்னால் அதே ஞாபகத்தை ஒரு தடவை வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 'முன்னாலே எது எங்கே இருந்துது?' என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. நூற்றுக்கு மூன்று பங்கு வீடுகள் இடிந்திருந்தன. அநேகமாக ஒரே ஒரு சில்லு கெட்டுப் போனதுதான் காரணம். விண்வெளியிலிருந்து வேகமான துகள் ஏதாவது வந்து தாக்கியிருக்கலாம். அல்லது வெறும் முதுமையாக இருக்கலாம்.

சில்லை மாற்ற ஆள் அனுப்ப முடியாது. இடிந்த வீடுகளில் இருந்தவர்களை வேறு வீடுகளுக்கு மாற்றவேண்டும். எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கத் தெருவில் இடம் இல்லை. ஆகவே கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, காலி இருந்த இடங்களில் இரண்டு பேர் இங்கே, நாலு பேர் அங்கே என்று குடி வைத்தார்கள். பிரிந்தவர்கள் முன்போலவே கூடி வேலை செய்யவும் வழி பண்ணினார்கள். அதோடு தீரவில்லை. குடி மாறினால் தபால்காரரிடம் சொல்லி வைக்க வேண்டுமே! அவர்களைப் பழைய விலாசத்தில் தேடும் மற்றக் கட்டளைகளையெல்லாம் தேடிப் பிடித்து, புதிய விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 18-ந் தேதி முதல் பகுதியை அனுப்பினார்கள். 20-ந் தேதி பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயேஜர் தன் உடல்நிலையைப் பற்றிப் புரியும்படி பேசியது. ஜூன் மாதத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்த நாலு விஞ்ஞானக் கருவிகளின் செய்தியும் சரியாக வரத் தொடங்கிவிட்டது.

வைக்கிங்கை நடத்தியவர்கள் அசடர்கள் என்றோ, வாயேஜரைக் காத்தவர்கள் அவதார புருஷர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. அவர்களும் கெட்டிக்காரர்கள், இவர்களும் கெட்டிக்காரர்கள். ஒரே வித்தியாசந்தான் கண்ணில் படுகிறது. வைக்கிங் விஷயத்தில், புதியது போய் உட்காரும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு தடவை தவறிவிட்டது. வாயேஜர் விஷயத்தில், புதிதாக ஒரு சொல் எழுதுவதற்கு முன்னால் பழைய குடிகள் அத்தனை பேரையும் கணக்கெடுத்தார்கள். பழையதை ஒதுக்கினால்தான் புதியது வரும் என்று நினைக்கிறோம். பழையது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் புதியதைச் சரியாக வைக்கவே முடிகிறது.

ஒரு வாரம் கழித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். யந்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பழைய தட்டு பெரியவரிடம் இருந்ததாம். அதை வைத்துப் பழைய ஏற்பாட்டையே மறுபடி போட்டுவிட்டார். "இதையெல்லாம் இப்ப யாரும் கேக்கிறதில்லை, சார். ஆனா தூக்கிப் போட மனசு வரலை" என்றார். நாவல் பிழைத்தது, கடைசி இரண்டு அத்தியாயங்கள் மட்டும் போய்விட்டன. அவர் அதற்காக வருத்தப்பட்டார். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அந்த இரண்டும் திருத்தி எழுதவேண்டியவைதாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எது எங்கே இருக்கிறது என்று முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.