தில்லி குரங்கு மனிதன்

தில்லி குரங்கு மனிதன் என்பது 2001 ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியிலும் அதனை அடுத்த காசியாபாத்திலும் இரவு நேரங்களில் மக்களைத் தாக்கிவிட்டு மறைந்ததாகக் கூறப்பட்ட உருவத்தைக் குறிக்கும் பெயர் ஆகும். இந்தியில் இது காலா பந்தர் (கருங்குரங்கு) எனவும் அழைக்கப்பட்டது. இவ்வுருவம் ஒருபோதும் பிடிபடவில்லை. எனினும் அதைப் பற்றிய அச்சம் உயிரிழப்புகளுக்குக் காரணமானது.

விவரிப்புகள்

உருவம் ஏறத்தாழ 4 அடி உயரமும் உடலெங்கும் கருமுடியும் கொண்டது எனப் பலர் கூறினர். உலோகத் தலைக்கவசம், உலோக நகங்கள், சிவந்து ஒளிரும் கண்கள், மார்பில் பொத்தான்கள் ஆகியனவும் குறிப்பிடப்பட்டன. வேறு சிலர் அது மிக உயரமானது என்றனர். கட்டடம் விட்டுக் கட்டடம் தாவி மறைந்துவிடும் என்பது பெரும்பாலான விவரிப்புகளில் காணப்படும் பொதுக்கூறு ஆகும்.

பாதிப்புகள்

கோடை வெப்பத்தாலும் மின்வெட்டாலும் மக்கள் மொட்டை மாடிகளில் உறங்கிய காலம் அது. கூச்சல் கேட்டு இருளில் ஓடியவர்கள் மாடியிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விழுந்தனர், சிலர் இறந்தனர். குரங்கு மனிதன் என ஐயுற்று, தொடர்பற்ற மனிதர்களைக் கூட்டத்தினர் அடித்த நிகழ்வுகளும் உண்டு. காவல்துறை உருவப்படங்களை வெளியிட்டு, தகவல் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவித்தது. பின்னர் நடந்த ஆய்வில், அத்தகைய உயிரினம் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. காயங்களுள் பெரும்பாலானவை சிறு கீறல்களே. இந்நிகழ்வு கூட்டுப் பீதியாகவே பரவலாகக் கருதப்படுகிறது.

பறக்கும் தட்டு ஆய்வியலில் இடம்

ஆலன் ஐனெக் 1972 இல் வெளியிட்ட வகைப்பாட்டில், பறக்கும் பொருளுடன் உயிரினங்களும் காணப்படுவது மூன்றாம் வகை நெருங்கிய சந்திப்பு ஆகும். தில்லி விவரிப்புகளில் பறக்கும் பொருள் முதன்மை பெறாததால் அவை இவ்வகையில் எளிதில் அடங்குவதில்லை. ஆனால் 2002 இல் உத்தரப் பிரதேசத்தில் பேசப்பட்ட முக்நோச்வா (முகத்தைக் கீறுவது) சிவப்பு, நீல ஒளியுடன் பறந்து வந்ததாகக் கூறப்பட்டது.

சாக் வலே 1969 இல் வெளியிட்ட நூலில், இத்தகைய உருவங்களைப் பழைய தேவதைக் கதைகளுடன் ஒப்பிட்டார். இவை வேற்றுக்கோளினர் அல்ல, மனிதருக்குப் புலப்படாமல் இப்புவியிலேயே உள்ளவை என்பது சான் கீல் முன்வைத்த கருத்து. இக்கருத்துகளைச் சோதித்தறிய வழியில்லை என்பதால் அறிவியலாளர்கள் இவற்றை ஏற்பதில்லை. 1837-38 இல் இலண்டனில் பேசப்பட்ட தாவும் சாக் என்ற உருவத்துக்கும் உலோக நகங்கள், ஒளிரும் கண்கள், தலைக்கவசம் ஆகியன கூறப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஒத்த நிகழ்வுகள்

ஒசூரை அடுத்துள்ள பெங்களூரில், இரவில் கதவைத் தட்டும் பேய்க்கு அஞ்சி, 1990களில் வீட்டுக் கதவுகளில் "நாளே பா" (நாளை வா) எனக் கன்னடத்தில் எழுதி வைத்தனர்.

இலங்கையில் 2011 ஆகத்தில் கிறீஸ் பூதம் அல்லது மர்ம மனிதன் பற்றிய அச்சம் பரவியது. ஐயத்துக்குரியோர் படை முகாம்களுக்குள் ஓடி மறைந்ததாக வடக்கு, கிழக்கு மக்கள் முறையிட்டனர். அரசு இதை மறுத்தது. பல இடங்களில் மோதல் மூண்டது. புத்தளத்தில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்ததால், இதனை வெறும் கூட்டுப் பீதி என ஒதுக்க அப்பகுதி மக்கள் பலர் உடன்படவில்லை.

திரைப்படத்தில்

2009 இல் வெளியான தில்லி-6 என்ற இந்தித் திரைப்படத்தில் காலா பந்தர், மனிதருக்குள் உறையும் வெறுப்பின் குறியீடாகப் பயன்படுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்
கூட்டுப் பீதி
வதந்தி