உடையும் கடலலைகளில் மின்காந்தச் சிதறல்

உடையும் கடலலைகளில் மின்காந்தச் சிதறல் என்பது, ரேடார் அனுப்பும் அலைகள் முகடு கவிழ்ந்து உடையும் கடலலைகளில் பட்டுப் பல திசைகளில் சிதறுவதைக் குறிக்கும். இதனைக் கணினியில் உருவகப்படுத்துவது கணிப்பு மின்காந்தவியலின் ஒரு பகுதியாகும். உடையும் அலையின் வலிமையான எதிரலை, ரேடார் திரையில் சிறு படகினுடையதைப் போலவே தோன்றக்கூடும். ஆதலால் கடல் மீட்புப் பணிக்கும் கண்காணிப்புக்கும் இத்துறை இன்றியமையாதது.

பிராக் சிதறல்

1955 இல் நியூசிலாந்தில் டி. டி. குரோம்பி, 13.56 மெகாஏர்ட்சு அலைகள் கடலில் பட்டுத் திரும்புவதை அளந்தார். ரேடார் அலைநீளத்தில் (22 மீட்டர்) பாதியளவு நீளமுள்ள கடலலைகளே எதிரலையைத் தருகின்றன என அவர் விளக்கினார். 10 கிகாஏர்ட்சு ரேடாருக்கு இது 1.5 செ.மீ. சிற்றலைகளாகும். பெரிய அலைகளின் மேல் சிற்றலைகள் அமைந்திருப்பதாகக் கொள்ளும் இரு அளவு மாதிரி 1960களில் உருவானது. இதன்படி, கடற்பரப்பை உரசிச் செல்லும் தாழ்கோணத்தில், செங்குத்து முனைவாக்க எதிரலை கிடை முனைவாக்க எதிரலையை விட மிக வலிமையாக இருத்தல் வேண்டும்.

மாதிரியின் குறைபாடு

அலைகள் உடையும்போது இதற்கு மாறாகக் கிடை முனைவாக்க எதிரலை திடீரென உயர்ந்து, மற்றதை மிஞ்சுவதுண்டு. ரேடார் அலை முகட்டை நேரடியாக அடைவதோடு, முன்னுள்ள நீர்ப்பரப்பில் தெறித்தும் அடைகிறது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தக்கூடும். செங்குத்து முனைவாக்க அலை புரூசுட்டர் கோணத்தை அண்மிக்கையில் நீரில் குறைவாகவே தெறிப்பதால், அதற்கு இவ்வலு கிடைப்பதில்லை.

உருவகப்படுத்தும் முறை

முதலில் அலையின் வடிவம் கணிக்கப்படுகிறது. 1976 இல் லாங்கெட்-இக்கின்சு, கோக்லெட் ஆகியோர், கவிழும் முகட்டின் வடிவத்தை நீர்ப்பரப்பிலுள்ள புள்ளிகளைக் கொண்டே கணிக்கும் முறையை வெளியிட்டனர். அடுத்து, அவ்வடிவத்தின் மேல் தூண்டப்படும் மின்னோட்டம் மொமென்ட் முறையால் கணிக்கப்பட்டு, அதிலிருந்து எதிரலை பெறப்படுகிறது. கணிப்பிற்காக அலை வெட்டப்படும் முனைகள் பொய்யான சிதறலைத் தரும் என்பதால் அவற்றைத் தனியே கையாள வேண்டும்.

கணிப்புச் செலவு

3 செ.மீ. அலைநீளத்திற்கு 3 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் எடுப்பதாகக் கொண்டால்:

* 10 மீட்டர் நீள வெட்டுமுகம்: ஏறத்தாழ 3,300 புள்ளிகள், அணியில் 1.1 கோடி உறுப்புகள்.
* 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பு: 1.1 கோடி புள்ளிகள். அணியில் ஒரு கோடி கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள்.

இதனாலேயே தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் வெட்டுமுகத்தோடு நின்றன. விரைவுப் பல்முனை முறை போன்றவை முழு அணியையும் சேமிக்கும் தேவையை நீக்குகின்றன. எனினும், கவிழ்ந்த நீர்த்தாரை கடலைத் தொட்டபின் தோன்றும் நுரை, நீர்த்திவலை ஆகியவற்றை உருவகப்படுத்துவது கடினமாகும்.

இவற்றையும் பார்க்க

* ரேடார்
* டாப்ளர் விளைவு
* மாக்சுவெல்லின் சமன்பாடுகள்