ஓர் ஊரின் பிறப்பேடு

போர்த்துகல் நாட்டில் தேஜோ ஆற்றின் தென்புறம் பரந்து கிடக்கும் சமவெளிக்கு அலென்தேஜோ என்று பெயர். ‘தேஜோவுக்கு அப்பால்’ என்பதே அச்சொல்லின் பொருள். கோதுமை வயல்களும் ஒலிவத் தோப்புகளும் தக்கை மரங்களும் நிறைந்த அந்நிலப்பகுதியில், பளிங்குக்கல்லுக்குப் பெயர்பெற்ற சிற்றூர் வில்லா விசோசா. அங்குப் பிறந்தோருள் பிறப்பால் உயர்வு பெற்றோரும் உளர். பிறப்பே தடையாக நின்றோரும் உளர். இவ்விரு சாராரையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயன் தரும்.

பிரகான்சா கோமகன்களின் அரண்மனை இவ்வூரில் 1501-இல் எழத் தொடங்கியது. அக்குடியில் 1604-இல் பிறந்தவர், எசுப்பானிய ஆட்சி அகன்ற 1640-இல் நான்காம் ஜோவான் என்னும் பெயரில் அரியணை ஏறினார். அவர் மகள் கத்தரீனா 1638-இல் இங்கேயே பிறந்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அவர் மணமகளானபோது, 1661-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பம்பாய் சீதனமாக அளிக்கப்பட்டது. ஓர் இளவரசியின் பிறப்பு, கடலுக்கு அப்பாலிருந்த மண்ணையும் மக்களையும் கைமாறச் செய்தது.

இவ்வூரிலேயே 1520-இல் பிறந்த ஹென்ரிக் ஹென்ரிக்சின் நிலை வேறு. யூத மரபினர் என்பது தெரியவந்ததும் பிரான்சிஸ்கு சபை அவரை விலக்கியது. பின்னர் 1545-இல் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் கோவாவை அடைந்த அவர், மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் பயின்றார். தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். போர்த்துகீசியர் தமிழ் கற்க இலக்கண நூலொன்று எழுதினார். கொல்லத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. எனினும் இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இலும், ‘அடியார் வரலாறு’ 1586-இலும் தொடர்ந்தன. அச்சுப்பணிக்குப் பரவர் மக்கள் பொருளுதவி புரிந்தனர். 1600-இல் மறையும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழோடு வாழ்ந்தவர் அவர்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1894-இல், அவ்வூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் மணமுடித்தவர் அல்லர். திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயர் இடம்பெறவில்லை. தந்தையின் இல்லத்திலேயே வளர்ந்தும் அவர் பெயரைச் சட்டப்படி பெறாத அப்பெண்ணே கவிஞர் புளோர்பேலா எஸ்பான்கா. பெண்கள் அரிதாகவே நுழைந்த சட்டக் கல்வியை லிஸ்பனில் 1917-இல் தொடங்கினார். 1919-இலும் 1923-இலும் பதினான்கடிப் பாக்களாலான தொகுதிகளை வெளியிட்டார். பெண்ணின் வேட்கையையும் துயரையும் ஒளிவின்றிப் பாடினார். 1930-இல், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளன்று மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘மலர்ந்த பொட்டல்’ எனப் பொருள்படும். பிறந்த நிலத்தின் புதர்வெளியே அது. தந்தை அவரைத் தம் மகளென முறைப்படி ஏற்றது 1949-இல்தான்.

1910-இல் போர்த்துகலில் முடியாட்சி ஒழிந்தது. கோமகன்களின் அரண்மனை காட்சியகமாயிற்று. சபையொன்று விலக்கியவரின் பெயரைத் தமிழ் அச்சு வரலாறு முதற்பக்கத்தில் தாங்குகின்றது. ஏட்டில் தந்தை பெயரற்றுக் கிடந்தவரைப் போர்த்துகீசியக் கவிதை தன் மகளாக ஏற்றுக்கொண்டது. குலம் மறுத்த இடத்தை மொழி வழங்கியது. கவிதை செய்வோர் நினைவில் இருத்தத்தக்க வரலாறு இது.