மூன்று பைட் செய்த வேலை: ‘பிங் ஆஃப் டெத்’ வரலாறு

‘சேவை மறுப்புத் தாக்குதல் என்றால் என்ன?’ என்று கேட்டால், பலரும் “ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பி கணினியைத் திணறடிப்பது” என்றுதான் எழுதுறாங்க. அது பாதி விடைதான். ஒரே ஒரு பொட்டலம் கணினியைச் சாய்த்த கதையும் வரலாற்றில் இருக்கு.

முதலில் பின்னணியைப் பாருங்க. 1981-இல் வெளிவந்த ஐபி விதிமுறைப்படி, ஒரு தகவல் பொட்டலம் 65,535 பைட்டைத் தாண்டக்கூடாது. 1983-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் ‘பிங்’ நிரலை எழுதினார். “இருக்கியா?” என்று ஒரு கணினி கேட்கும், “இருக்கேன்” என்று மற்றது சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

1996-இல்தான் சிக்கல் வெளியே வந்தது. விண்டோஸ் 95-இல் உள்ள பிங் நிரலிடம் 65,510 பைட் அனுப்பச் சொன்னால், மறுக்காமல் அனுப்பிவிடும். தலைப்புப் பகுதி 28 பைட். கூட்டிப் பாருங்க: 65,538. வரம்பைவிட வெறும் 3 பைட் அதிகம்!

இது எப்படி உள்ளே நுழைந்தது? பெரிய பொட்டலம் சிறு துண்டுகளாக உடைந்துதான் பயணிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துண்டிலும் குறை இல்லை. பெறும் கணினி அவற்றை ஒன்றுசேர்க்கும்போதுதான் ஒதுக்கிய நினைவகம் நிரம்பி வழிந்தது. கணினி உறைந்தது, அல்லது தானே மறுதொடக்கம் ஆனது. விண்டோஸ், யூனிக்ஸ், லினக்ஸ், மேக் எனப் பல இயங்குதளங்களும், சில அச்சுப்பொறிகளும்கூட பாதிக்கப்பட்டன.

காரணங்களை இப்படித் தொகுக்கலாம். ஒன்று, விதிமுறையில் வரம்பு இருந்தும், பெறும் பக்கம் அதைச் சரிபார்க்கவில்லை. இரண்டு, வலையமைப்பு நிரல் கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே பிழை வந்தால் ஒரு செயலி மட்டுமல்ல, கணினியே விழும். மூன்று, தாக்குபவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை. ஐபி முகவரி தெரிந்தாலே போதும்.

திருத்தங்கள் சீக்கிரமே வந்துவிட்டன. ஆனா கதை அதோடு முடியலைங்க. 2013 ஆகஸ்டில், விண்டோஸின் டிசிபி/ஐபி டிரைவரில் இதற்கு உறவான ஒரு பிழையை மைக்ரோசாஃப்ட் திருத்தியது. இம்முறை ஐபி ஆறாம் பதிப்பின் பிங் வகைப் பொட்டலங்களுக்கு நினைவகம் ஒதுக்குவதில் கோளாறு. பதிப்பு புதிது, பாடம் பழையது.

ஆகவே விடை எழுதும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லாதீங்க. வெளியிலிருந்து வருவதை அளந்து பார்க்காமல் நம்புவதும் சேவை மறுப்புக்கு வழி திறக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்க. அப்போதான் விடை முழுமை பெறும்.