பின்னச்சில் பொறித்த எண்கள்

மோட்டார் வண்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். ஆனால் ஒரு வண்டி சவாரிக்கானதா, சுமைக்கானதா என்பதை நெடுங்காலம் நிர்ணயித்தது எஞ்சின் அன்று. வண்டியின் அடியில் சேறும் எண்ணெயும் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பின்னச்சுதான்.

இதற்கு 1917-ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற 'டி' மாடல் காரை அடிப்படையாகக் கொண்டு, ஒரு டன் சுமக்கும் 'டிடி' என்னும் வண்டியை அவ்வாண்டில் வெளியிட்டது. எஞ்சின் காரில் இருந்த அதே 20 குதிரைத்திறன் எஞ்சின். சட்டகத்தை நீட்டி வலுப்படுத்தினார்கள், பின்னச்சை மாற்றினார்கள். காரின் பின்னச்சில் 11 பற்கள் கொண்ட பினியன், 40 பற்கள் கொண்ட கிரௌன் சக்கரத்தைச் சுழற்றியது. 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.64. அதாவது, எஞ்சினிலிருந்து வரும் தண்டு 3.64 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். 'டிடி' வண்டியிலோ திருகுப் பற்சக்கரம் பொருத்தப்பட்டு, விகிதம் 7.25 ஆனது. வேகம் ஏறத்தாழப் பாதியாகியது, இழுவிசை இரட்டித்தது. கார், லாரி ஆகிவிட்டது.

ஆகவே பின்னச்சு விகிதம் என்பது, அந்த வண்டி எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு, யாருக்காக ஓடவேண்டும் என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள் என்பதன் எண் வடிவம். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் விகிதங்களை வரிசையாக அடுக்கினால் அந்நாட்டின் சாலை வரலாறே கிடைக்கிறது. 1947-இல் வெளிவந்த செவர்லே அரை டன் பிக்கப்பின் விகிதம் 4.11. பண்ணையிலிருந்து அருகிலுள்ள ஊர்வரை மண்சாலையில் தீவனமும் தானியமும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது போதும். 1956-இல் 41,000 மைல் நீள நெடுஞ்சாலை வலைப்பின்னலுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. விட்டம் 28 அங்குலமுள்ள சக்கரத்தோடு மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடினால், 4.11 விகிதத்தில் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,960 முறை சுழலவேண்டும், 3.07 விகிதத்தில் 2,210 முறை போதும். பழைய பண்ணை வண்டி புதிய சாலையில் அலறியது. விகிதங்கள் இறங்கத் தொடங்கின. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் 1975-இன் எரிபொருள் சிக்கனச் சட்டமும் அவற்றை மேலும் இறக்கின. பின்னர் 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு வேகத் தானியங்கி கியர் பெட்டி வந்தது. அதன் மேல் கியர் 0.70. பின்னச்சில் 3.73 இருந்தாலும் நெடுஞ்சாலையில் அது 2.61 போல நடந்துகொண்டது. இழுவிசையும் சிக்கனமும் ஒரே வண்டியில் கூடின, 3.73 தயக்கமின்றித் திரும்பி வந்தது.

இந்த எண்களை வாசிப்பது எப்படி? வாசிக்கவேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, தாள். ஃபோர்டு வண்டிகளில் ஓட்டுநர் கதவருகே உள்ள தகட்டில் அல்லது ஒட்டுச்சீட்டில் பின்னச்சுக்கென ஒரு குறியீடு உண்டு. 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்த எஃப்-150 வண்டியில் 19 என்றிருந்தால் விகிதம் 3.55. எச்9 என்றிருந்தாலும் 3.55தான், ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றதற்கு விசை செல்லும் அமைப்பு உடன் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் முன்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்கவேண்டும். 1980களின் சீட்டுகளில் ஜியூ6 என்பது 3.42, ஜிடி4 என்பது 3.73, ஜிடி5 என்பது 4.10. வழுக்கல் தடுக்கும் அமைப்புக்கு ஜி80. ஆண்டு மாறினால் குறியீட்டின் பொருளும் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்டே வாசிக்கவேண்டும்.

இரண்டாவது, பின்னச்சின்மேலேயே உள்ள தகடு. ஃபோர்டில் போல்ட் ஒன்றின் அடியில் செருகிய சிறு தகட்டில் 3எல்50 என்றிருந்தால், விகிதம் 3.50, நடுவிலுள்ள எல் வழுக்கல் தடுப்பைக் குறிக்கும். டேனா நிறுவனத்தின் பின்னச்சுகளில் 41-11 என்பதுபோல் பற்களின் எண்ணிக்கையே பொறித்திருக்கும்; வகுத்தால் 3.73. மாதிரி எண்ணான 44 அல்லது 60, வார்ப்பிரும்பிலேயே புடைத்து நிற்கும். தகடே இல்லாவிடினும் உருவத்தைக்கொண்டு குடும்பத்தை அறியலாம். பின்மூடியே இல்லாமல், முன்புறமாக முழுப் பகுதியும் கழன்று வந்தால், அது பெரும்பாலும் 1957 முதல் 1986 வரை பிக்கப்களில் இடம்பெற்ற ஃபோர்டின் ஒன்பது அங்குலப் பின்னச்சு. செவர்லே எனில் மூடியின் போல்ட்டுகளை எண்ணினால் பத்தா, பன்னிரண்டா, பதினான்கா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, பற்கள். இங்குதான் உண்மை இருக்கிறது. தாள் சொல்வது வண்டியின் பிறப்பை. தகடு சொல்வது அந்தப் பின்னச்சின் பிறப்பை. ஐம்பது ஆண்டுகளில் வண்டி எத்தனையோ கைகள் மாறியிருக்கும். பின்னச்சு மாறியிருக்கலாம், தகடு அப்படியே இருக்க, உள்ளே பற்சக்கரங்கள் மட்டும் மாறியிருக்கலாம். ஏட்டின் முகப்பில் எழுதிய பெயரை மட்டும் நம்பி உள்ளிருக்கும் நூலை முடிவு செய்யாத பதிப்பாசிரியரின் எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

சோதனை எளிது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை உயர்த்தி உறுதியாகத் தாங்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்கவேண்டும். சாதாரண டிஃபரென்ஷியல் எனில், ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றவேண்டும். வழுக்கல் தடுப்பு உள்ளதெனில் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. அதற்குள் தண்டு எத்தனை முறை சுழன்றதோ அதுவே விகிதம். ஆனால் 3.50-ஐயும் 3.55-ஐயும் இந்தச் சோதனையால் பிரித்தறிய இயலாது. அதற்கு மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதே வழி. இரண்டு சக்கரங்களின் புறத்திலும் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். 41-க்கும் 11-க்கும் பொது வகுஎண் இல்லை. எனவே ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் சந்தித்துச் சமமாகத் தேயும். ஃபோர்டின் 3.00 விகிதத்தில் 39-க்கு 13. அங்கே குறிப்பிட்ட பற்களே மீண்டும் மீண்டும் சந்திக்கும். அதனால் பொருத்தும்போது குறிகளைச் சேர்த்து வைக்கவேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் பின்னச்சு 3.73 ஆகவும் முன்னச்சு 4.10 ஆகவும் இருந்தால், உலர்ந்த சாலையில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இடையிலுள்ள பெட்டி உடையும். தாளை நம்பிப் பின்னச்சை வாங்கியவர் அதற்கு விலை கொடுக்க நேரும். இது ஒருபுறம்.

மறுபுறம், இந்த எண்கள் ஆவணங்கள். 4.11-ஐக் கழற்றி 3.07-ஐப் பொருத்துவது இன்றைய சாலைக்கு நியாயமான செயல்தான். ஓடாத வண்டியைவிட ஓடும் வண்டி மேல். ஆனால் கழற்றிய தகட்டைத் தூக்கி எறியாமல், அதன் போல்ட்டின் அடியிலேயே மீண்டும் செருகி, அதனருகே புதிய விகிதத்தையும் பொறித்து வைப்பதில் ஒரு கடமை இருக்கிறது. அந்தச் சிறு தகரத்தில், மண்சாலையில் மெல்லச் சென்ற ஒரு பண்ணைக்காரரின் தேவை எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.